கள்ளத்தோணியில் ஊருக்குப் போனவர்கள்

மாதத்தின் முதல் வாரத்தில் தோட்டத்துக் கிராணிக்கு வேறு நினைப்பே இருக்காது. போன மாதத்துச் செக்ரோலைக் கூட்டி முடித்து, ஏழாம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும். 2015 செப்டம்பர் 3, வியாழக்கிழமை, நான் அந்தக் கூட்டலில்தான் உட்கார்ந்திருந்தேன். துருக்கிக் கடற்கரையில் முகம் மண்ணில் பதிந்து ஒதுங்கிக் கிடந்த சிரியாக் குழந்தையின் படத்தைக் காலையிலிருந்து யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஆபீசில் என்னோடு வேலை செய்த பெண் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிற்பாடு இன்னொரு செய்தி வந்தது. சபாக் பெர்ணம் கடலில் ஒரு மரப்படகு கவிழ்ந்துவிட்டது, அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள், எல்லாரும் இந்தோனேசியர்கள். எங்கள் தோட்டத்திலிருந்து சபாக் பெர்ணம் ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் என்று நெல்வயலை ஒட்டியே போனால் வந்துவிடும். அந்தச் செய்திக்கு எங்கள் ஆபீசில் யாரும் அழவில்லை. ‘கோசோங்’ ஆட்கள், பெர்மிட் இல்லாமல் வந்தால் இப்படித்தான் என்று லோரி டிரைவர் சொன்னார். நானும் ஆமாம் என்றுதான் தலையாட்டியிருப்பேன்.

மறுநாள்தான் எனக்கு உறைத்தது. அந்தப் படகு வந்துகொண்டிருக்கவில்லை, போய்க்கொண்டிருந்தது. சுமத்ராவின் தஞ்சோங் பாலாய்க்கு, ஹஜ்ஜுப் பெருநாளைக் குடும்பத்தோடு கொண்டாடப் புறப்பட்டவர்கள் அவர்கள். பெருநாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மீன்பிடிப் படகுக்காரர்கள்தான் முதலில் ஆட்களைக் கடலிலிருந்து தூக்கினார்கள். அதன்பிறகு நாள்கணக்கில் உடல்கள் மிதந்து வந்துகொண்டிருந்தன. 60-க்கும் மேற்பட்ட உடல்கள். உயிரோடு கிடைத்தவர்கள் 20 பேர் அளவில்தான்.

நம் நாட்டை விட்டுப் போங்கள் என்று நாம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் ஆட்கள், போகும் வழியில் செத்தார்கள். பத்து வருஷம் ஆகியும் இந்த விஷயம் என்னை விட்டுப் போகவில்லை. படகில் வருகிறவர்களை என்ன செய்வது என்று புத்ராஜெயாவிலும் பத்திரிகைகளிலும் டீக்கடைகளிலும் எவ்வளவோ பேசுகிறோம். படகில் போகிறவர்களைப் பற்றி எவரும் பேசிக் கேட்டதில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்த வாரம் எனக்குத் தெரிந்த ஒருவர் அந்தக் கடலில் இருந்திருக்கலாம். அவர் பெயர் வேண்டாம். அசஹான் பக்கத்து ஆள் என்பதால் எங்கள் ஆட்கள் அவரை ‘அசஹான்காரர்’ என்றே கூப்பிடுவார்கள். செம்பனைக் குலை வெட்டுகிறவர். நாற்பதடி மரத்தின் உச்சியில், மட்டைகளுக்கு நடுவே சிவந்திருக்கும் குலையைக் கீழிருந்தே நோட்டம் பார்த்து, நீண்ட அலுமினியக் கம்பில் கட்டிய அரிவாளை ஒரே இழுப்பில் இழுப்பார். குலை விழுகிற இடத்தில் அவர் நிற்கவே மாட்டார். விழப்போகும் இடம் அவருக்கு முன்னாலேயே தெரியும். ஆகஸ்டு கடைசியில் ஒரு சாயங்காலம் அந்த அரிவாளைக் கோணிச்சாக்கில் சுற்றி என் வீட்டுப் படியடியில் கொண்டுவந்து வைத்தார். “கெரானி, ஒரு மாதம், ராயா முடிந்து வந்துவிடுவேன்” என்றார். எப்படிப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாத கேள்வி அது என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து தஞ்சோங் பாலாய் அசஹானுக்கு ஃபெரி ஓடுகிறது. பட்டப்பகலில், உயிர்காப்புச் சட்டையோடு, டிக்கெட் வாங்கிக்கொண்டு போகலாம். அதே ஊருக்குத்தான் அந்த மரப்படகும் போனது. ஃபெரி டிக்கெட்டைப் போலப் பல மடங்கு பணத்தைத் தெக்கோங் என்கிற படகோட்டிக்குக் கொடுத்து, சதுப்புக்காட்டில் இரவெல்லாம் கொசுக்கடியில் உட்கார்ந்து, பலகைப் படகில் முதுகோடு முதுகு நெருக்கிக்கொண்டு ஒரு மனிதன் ஏன் போகிறான்? முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். நான் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதியவன். இதில் உள்ள கணக்கு எனக்குப் புரியும்.

நம் குடிநுழைவுச் சட்டத்தில், அனுமதித்த இடம் வழியாக அல்லாமல் நாட்டுக்குள் வருவது மட்டும் குற்றமில்லை, வெளியே போவதும் குற்றம். சரி, அனுமதித்த இடம் வழியாகவே போகலாம் என்று ஃபெரி கவுண்டரில் போய் நின்றால் பாஸ்போர்ட் கேட்பார்கள். பெர்மிட் முடிந்திருந்தாலோ, வந்த முத்திரையே இல்லாவிட்டாலோ அங்கேயே பிடிப்பார்கள். பெர்மிட் இல்லாமல் நுழைந்ததற்கு 10,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, ஆறு பிரம்படி வரை என்று சட்டம் சொல்கிறது. ஊருக்குப் போகிறேன் என்று கவுண்டருக்கு வந்தவனைக் குடிநுழைவு டிப்போவில் அடைத்து, மாதக்கணக்கில் சோறு போட்டு, பிறகு ஊருக்கு அனுப்புகிறோம். அனுப்புவது ஒரே ஊருக்குத்தான். நடுவில் செலவாகிற காசு நம்முடையது.

எல்லாரும் படகில் வந்தவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். அசஹான்காரர் முதன்முதலில் வந்தது முறையான பெர்மிட்டில்தான். 1984-இல் நம் அரசாங்கமும் இந்தோனேசியாவும் மேடானில் ஒப்பந்தம் போட்டுத் தோட்டங்களுக்கு ஆள் எடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து இப்படி வந்தவர்கள் எத்தனையோ பேர். வந்து இறங்கியதும் காண்ட்ரெக்டர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார். ஒரு காண்ட்ரெக்டரின் வீட்டில் நானே பார்த்திருக்கிறேன்: பழைய பிஸ்கட் டின், அதற்குள் ரப்பர் பேண்டு போட்ட பாஸ்போர்ட் கட்டுகள், ஒவ்வொரு கட்டின் மேலும் தோட்டத்தின் பெயர் எழுதிய துண்டுச்சீட்டு. இன்னொருவர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வது சட்டப்படி தப்பு என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சம்பளத் தகராறில் ஒருவன் அந்தக் காண்ட்ரெக்டரை விட்டு ஓடினால் பாஸ்போர்ட் டின்னிலேயே கிடக்கும். அன்றிலிருந்து அவன் கோசோங். கடலில் கால் நனைக்காமலே கள்ளக்குடியேறி ஆகிவிட்டான்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமில்லை. மன்னிப்புத் திட்டங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2011-இல் ‘6பி’, 2014-இல் ‘3+1’, 2019-இல் ஐந்து மாதம் ‘பேக் ஃபார் குட்’, 2024 மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை ஒன்று, 2025 மே மாதத்தில் மறுபடி ஒன்று. 2019-இல் தண்டம் 700 வெள்ளி. அப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,100 வெள்ளி. 2024-இல் தண்டத்தை 500-ஆகக் குறைத்தார்கள். டிக்கெட் அவரவர் செலவு. பாஸ்போர்ட் இல்லாதவன் முதலில் தூதரகத்துக்குப் போய்ப் பயணப் பத்திரம் வாங்க வேண்டும். ஈஜோக்கிலிருந்து கோலாலம்பூர் போகும் வழியில் போலீஸ் தடுப்பு இருந்தால் மன்னிப்புக் கேட்கப் போகிற வழியிலேயே மாட்டிக்கொள்வான்.

‘3+1’ நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் சபாக் பெர்ணத்தில் அந்தப் படகு கவிழ்ந்தது. ஒரு கதவு திறந்திருந்தும் அவர்கள் ஏன் படகில் ஏறினார்கள்? தோட்டத்தில் கேட்டால் பதில் சுருக்கமாக வரும்: “கைரேகை.” கவுண்டரில் விரலை வைத்துவிட்டால் பெயர் கரும்பட்டியலில் ஏறிவிடும், சில வருஷத்துக்குத் திரும்பி வர முடியாது. அவர்கள் நாட்டை விட்டே போக நினைத்துப் படகேறவில்லை. பெருநாளுக்குப் போய், பிள்ளையைப் பார்த்து, தாயின் சமாதிக்குப் போய்விட்டு, அடுத்த மாதம் அரிவாளை எடுக்க வந்துவிட வேண்டும். நாமெல்லாம் தீபாவளிக்குப் பாலேக் கம்போங் போகிற மாதிரி. அந்தப் போக்குவரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை, தெக்கோங்கிடம் இருக்கிறது.

அரசாங்கத்தின் நாள்காட்டியும் இவர்களுடைய நாள்காட்டியும் வேறு வேறு. 2014 ஜூனில் பந்திங் பக்கத்தில் ஏறக்குறைய நூறு பேரோடு ஒரு படகு கவிழ்ந்தது, நோன்பு மாதத்துக்குச் சில நாள் முன்னால். 2015-இல் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால். பிறை பார்த்துத்தான் இந்தப் படகுகள் ஓடுகின்றன. மன்னிப்புத் திட்டமோ அமைச்சரின் அறிவிப்பைப் பார்த்து வருகிறது, கடைசி நாள் வந்ததும் சாத்திக்கொள்கிறது. மறுநாளே சோதனை நடவடிக்கை என்று லோரிகள் தோட்டச் சடக்கில் ஏறும். அந்த இடைவெளிதான் தெக்கோங்குக்கு அறுவடைக் காலம்.

2025 ஜனவரி 24, விடியற்காலை. கோலலங்காட் பக்கம் தஞ்சோங் ரூ கடலில் ஒரு படகின்மீது நம் கடல்சார் அமலாக்கப் படையினர் சுட்டார்கள். இந்தோனேசியத் தொழிலாளிகள் இருவர் உயிரிழந்தார்கள், வேறு சிலர் குண்டடிபட்டார்கள். படகு தங்கள்மீது மோத வந்ததாகப் படைத் தரப்பு சொன்னது. இதில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. அந்தப் படகும் நாட்டை விட்டு வெளியே போகிற படகுதான் என்று இந்தோனேசியத் தரப்பு சொன்ன இடத்தில்தான் நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றேன்.

இதையெல்லாம் ஒரு தமிழன் ஏன் எழுத வேண்டும் என்று கேட்பார்கள். கேட்டார்கள். ஓய்வுபெற்றபின் நான் பெஸ்தாரி ஜெயாவில் காலையில் தேநீர் குடிக்கும் கடையில், என்னோடு ஐந்தாம் வகுப்புப் படித்தவர் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார்: “நம்ம பிள்ளைகள் வேலையைப் பிடுங்கினவனுக்கு நீ ஏண்ணே வக்காலத்து வாங்குறே?” அவர் கோபத்தில் பொய்யில்லை. பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள். மரம் சீவ ஆள் வேண்டாமென்றார்கள். எங்கள் ஆட்கள் நல்ல சம்பளம் கேட்டபோது, டன் கணக்கில் மலிவாக வெட்டித்தர ஆள் இருக்கிறது என்று காண்ட்ரெக்டரைக் காட்டினார்கள். லயங்கள் காலியாயின. காப்பாருக்கும் சுங்கை பூலோவுக்கும் கிள்ளானுக்கும் போனவர்கள் போக, மிஞ்சியவர்கள் வீடு கேட்டு வருஷக்கணக்கில் வழக்கும் மனுவுமாக அலைந்தார்கள். நான் அதே தோட்டத்தில் மேசை போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தவன்.

ஆனால் அந்த டன் கணக்கையும் நான்தான் எழுதினேன். குலை வெட்டியவனுக்கும் செக்ரோலுக்கும் சம்பந்தமே இருக்காது. காண்ட்ரெக்டரின் பெயர், இத்தனை டன், இத்தனை வெள்ளி, அவ்வளவுதான். சொக்சோ கிடையாது, இபிஎஃப் கிடையாது, காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தோட்ட ஆஸ்பத்திரி கிடையாது. பேரில்லாத ஆள் மலிவு. அசஹான்காரர் தானாக வந்து நம் கூலியைக் குறைக்கவில்லை. பெயர் இல்லாமல் ஆள் வைத்துக்கொள்ள அனுமதித்த முறைதான் குறைத்தது. அவருக்குச் செக்ரோலில் பெயரும் எங்கள் ஆட்களின் அதே கூலியும் இருந்திருந்தால், அவரைக் காட்டி எங்களை மிரட்டியிருக்க முடியுமா? நண்பருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. ரொட்டிக்குக் காசு மட்டும் அவரே கொடுத்துவிட்டுப் போனார்.

நாமும் கப்பல் ஏறி வந்தவர்கள்தானே என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். மேடையில் எல்லாரும் சொல்வதுதான். எனக்கு அந்த வாக்கியம் போதவில்லை. நாம் வந்தது ஒரு மாதிரி, இவர்கள் வருவது வேறு மாதிரி. என் தாத்தா முசிறிப் பக்கத்திலிருந்து 1928-இல் கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். டிக்கெட் இலவசம். 1907-லேயே துரைமார்கள் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டி ஒரு நிதி வைத்திருந்தார்கள், தமிழ்க்கூலிகளைக் கொண்டுவர. அரசாங்கமே அதை நடத்தியது. பினாங்கில் ஜெரஜாக் தீவில் அடைத்து வைத்து மருந்தடித்து அனுப்பினார்கள். ரப்பர் விலை விழுந்ததும் 1930-இல் ஆள் எடுப்பதை நிறுத்தி, இருந்தவர்களைப் பல்லாயிரக்கணக்கில் திருப்பி அனுப்பினார்கள். தாத்தாவும் போனார். விலை ஏறியதும் 1934-இல் மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி வந்தார். 1938-இல் தோட்டத்தில் 50 காசுக் கூலியை 45 ஆக்கியபோது இந்திய அரசாங்கம் இனிமேல் கூலியாட்களை அனுப்ப மாட்டோம் என்று கதவைச் சாத்தியது. அதற்குப்பின் தாத்தா ஊரைப் பார்க்கவே இல்லை.

பெரியப்பா போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1969 கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்ற சட்டத்தை இறுக்கிப் பிடித்தார்கள். பெரியப்பாவிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. நீல அட்டைக்கு எழுதிக்கொடுக்கத் தெரிந்தவர் தோட்டத்தில் இல்லாத காலம் அது. 1970-இல் போர்ட் சுவெட்டன்ஹாமில் அவர்களை ‘ரஜூலா’ கப்பலில் ஏற்றிவிடப் போனோம். எனக்குப் பதின்மூன்று வயது. தகரப்பெட்டிகளில் வெள்ளைப் பெயின்டால் பெயர் எழுதியிருந்தது. பெரியம்மா தையல் மெஷினைச் சாக்கில் வைத்துத் தைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, கோடாலித் தைலப் பாட்டில்களைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார். ஊரில் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் என்று அவருக்கே தெரியாது, அவர் பிறந்தது பத்தாங் பெர்ஜுந்தையில். அப்போது பெஸ்தாரி ஜெயாவுக்கு அதுதான் பெயர். மேல்தட்டிலிருந்து பெரியப்பா என்னைப் பார்த்துக் கையாட்டவில்லை, எங்கேயோ தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தா அப்பா காலத்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிய அதே கப்பல் பெரியப்பாவைக் கொண்டுபோனது. 1973-இல் அதன் ஓட்டம் நின்றது.

அநியாயம்தான். நாற்பது வருஷம் உழைத்தவர்களை ஒரு அட்டையின் நிறத்தைப் பார்த்து அனுப்பினார்கள். இருந்தாலும் வாசல் வழியாக அனுப்பினார்கள். கப்பல் இருந்தது, டிக்கெட்டில் பெயர் இருந்தது, கரையில் அழ ஆள் இருந்தது. பெரியப்பா போய்ச் சேர்ந்ததாக மூன்றாம் வாரத்தில் கடிதம் வந்தது. சபாக் பெர்ணத்தில் செத்தவர்களுக்கு அந்த வாசல்கூட இல்லை. யார் யார் ஏறினார்கள் என்ற பட்டியலே இல்லாத படகு அது. எத்தனை பேர் ஏறினார்கள் என்பதிலேயே ஆளுக்கொரு எண் சொன்னார்கள்.

‘கள்ளத்தோணி’ என்பது இலங்கையில் நம் ஆட்களைச் சுட்ட சொல். ராமேசுவரம் பக்கத்திலிருந்து ரகசியமாகப் படகில் போன சிலருக்கு வைத்த பெயர், நாளடைவில் மலையகத்தில் தேயிலை பறித்த அத்தனை பேர் தலையிலும் விழுந்தது. அவர்களின் பாட்டன் பூட்டனைக் கங்காணிகள் அரசாங்கம் பார்த்திருக்கவே கூட்டிப்போனார்கள். 1948-இல் அவர்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிக்கொண்டார்கள். அவர்களைக் கேட்டு எழுதவில்லை. நமக்கு இங்கே ‘பெண்டாத்தாங்’ (வந்தேறி) என்ற சொல் எப்படிக் குத்துகிறதோ அப்படிக் குத்திய சொல் அது. அதைக் கேட்டு வளர்ந்த நாம் இன்னொருவனைப் பார்த்து ‘பத்தி’ (கள்ளக்குடியேறி), ‘கோசோங்’ என்கிறோம். சொல்லும்போது நாக்கு கூசுவதில்லை.

2010 ஏப்ரலில் பினாங்குக் கடலில் 75 இலங்கைத் தமிழர்கள் இருந்த படகை மறித்தார்கள். இறங்க மாட்டோம் என்று அவர்கள் சில நாள் படகிலேயே இருந்தார்கள். முள்ளிவாய்க்கால் போர் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அன்று எங்கள் டீக்கடையில் ஒருவர்கூட அவர்களைக் கோசோங் என்று சொல்லவில்லை. பாவம், எங்கே போவார்கள் என்றுதான் பேச்சு. 2020 ஏப்ரலில், கொரோனாவால் நாமெல்லாம் வீட்டில் அடைந்து கிடந்தபோது, லங்காவிக் கடலில் 200 ரோஹிங்கியாக்கள் இருந்த படகுக்குச் சாப்பாடு கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். அதே வாரத்தில் வேறொரு படகு, ஏறக்குறைய 400 பேரோடு, இரண்டு மாதம் கடலில் அலைந்து பங்களாதேஷுக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்தது. வழியில் பட்டினியில் செத்தவர்களைக் கடலில் போட்டுவிட்டு வந்ததாக அதில் இருந்தவர்கள் சொன்னார்கள். மலேசியா தங்களைச் சேர்க்கவில்லை என்றும் சொன்னார்கள். அதே டீக்கடை ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரம் வந்தவற்றை இங்கே அச்சிட முடியாது.

ரோஹிங்கியாக்களின் கணக்கும் அசஹான்காரரின் கணக்கும் ஒன்றல்ல, இரண்டையும் குழப்பக்கூடாது. அசஹான்காரருக்கு ஊர் இருக்கிறது, போக வாசல் வேண்டும். ரோஹிங்கியாவுக்கு ஊரே இல்லை, இறங்கக் கரை வேண்டும். நம் நாடு 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. ஐ.நா. அகதிகள் அலுவலகத்தின் அட்டையை வைத்துக்கொண்டு இரண்டு லட்சம் பேர் அளவில் இங்கே இருக்கிறார்கள். அதிலும் மியன்மார்க்காரர்களே பெரும்பாலும். அந்த அட்டை வேலைக்கு அனுமதி தராது. 2025 ஜனவரித் தொடக்கத்தில் சுமார் 300 பேர் இருந்த இரண்டு படகுகளுக்குத் தண்ணீரும் உணவும் கொடுத்து எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் லங்காவிக்குப் பக்கத்தில் இன்னொரு படகு கவிழ்ந்தது, உடல்கள் இங்கேயும் தாய்லாந்துப் பக்கமும் ஒதுங்கின. தண்ணீர் பாட்டில் கொடுத்து நடுக்கடலுக்கு அனுப்புவதற்கு மனிதாபிமானம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

கரையில் இறக்கினால் நாடு மூழ்கிவிடும் என்பார்கள். 1979-இல் ஒரு சதுர கிலோமீட்டர் அளவே உள்ள பிடோங் தீவில் 40,000 வியட்நாமியர்கள் இருந்தார்கள். அன்றும் அமைச்சர்கள் கடுமையாகத்தான் பேசினார்கள். சுடுவோம் என்றுகூடப் பேச்சு வெளியே வந்து, பிறகு ‘ஷூட்’ (சுடுவது) இல்லை ‘ஷூ’ (விரட்டுவது) என்று விளக்கம் சொன்னார்கள். அந்த ஜூலையில் ஜெனீவாவில் நாடுகள் கூடி ஆளுக்கு இவ்வளவு பேர் என்று ஏற்றுக்கொண்டபின் கரை திறந்தது. வந்தவர்கள் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள், 1996-இல் கடைசி முகாமையும் மூடினோம். நாடு மூழ்கவில்லை. இன்று பணக்கார நாடுகளே கடலை மூடிக்கொள்கின்றன. 2014-இல் புதுச்சேரியிலிருந்து போன 157 தமிழர்களை ஆஸ்திரேலியா ஏறக்குறைய ஒரு மாதம் கப்பலிலேயே அடைத்து வைத்தது. அவர்களைப் பார்த்து நாமும் கற்றுக்கொள்கிறோம் என்றால், கற்க வேறு இடங்களும் உண்டு. 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்களோடு ஒரு படகு திசைமாறி முல்லைத்தீவுக் கரைக்கு வந்தது. வந்து சேர்ந்த இடம் முள்ளிவாய்க்கால். அங்கிருந்த சனங்கள் பேச்சு புரியாமலே சோறும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிற்பாடு அரசாங்கம் அவர்களை முகாமில் அடைத்தது வேறு கதை. ஒன்றுமில்லாத அந்தக் கரையில் முதலில் நீண்டது சோற்றுப் பாத்திரம்.

இனி எனக்குத் தெரிந்த வேலைக்கு வருகிறேன். வெளியுறவுக் கொள்கை எனக்குத் தெரியாது, கவுண்டர் எப்படி நடத்துவது என்று தெரியும். கிள்ளான் துறைமுகத்து ஃபெரி முனையத்தில் வருஷம் 365 நாளும் ஒரு சன்னல் திறந்திருக்கட்டும். பெர்மிட் இல்லாதவன் வந்து, பெயர் சொல்லி, ஒரு சிறு தொகை கட்டி, அன்றைய ஃபெரியிலேயே போகட்டும். இந்தோனேசியத் தூதரக ஆள் ஒருவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அங்கேயே பயணப் பத்திரம் எழுதட்டும். அந்தச் சன்னலுக்கு வருகிறவனை வழியில் பிடிக்கக்கூடாது. அப்படிப் போனவன் பெயரைக் கரும்பட்டியலில் ஏற்றாமல், முறையான பெர்மிட்டில் திரும்பி வர அவனுக்கு வரிசை கொடுங்கள். தோட்டத்தில் ஆள் பற்றாக்குறை என்று முதலாளிமார் கூப்பாடு போட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள். குலை வெட்டத் தெரிந்த ஆள் இவன், புதிதாக ஒருவனைக் கொண்டுவந்து பழக்க ஆறு மாதம் ஆகும். பாஸ்போர்ட் டின் வைத்திருக்கும் காண்ட்ரெக்டரை ஒரே ஒருமுறை கோர்ட்டில் நிறுத்திப் பேப்பரில் படம் போடுங்கள். டின்களெல்லாம் தானாகத் திறக்கும்.

இப்படிச் செய்தால் இன்னும் கூட்டமாக வருவார்கள் என்று அதிகாரிகள் சொல்வார்கள். வருகிற படகைப் பற்றி அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. போகிற படகை மறித்துப் பிடிப்பதால் எந்தக் கூட்டம் குறைகிறது என்று மட்டும் அவர்கள் சொல்லட்டும்.

2015 நவம்பரில், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், வீட்டு நாய் குரைத்தது. படியடியில் அசஹான்காரர் குனிந்து சாக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைப் படியில் வைத்திருந்தார். இரண்டு மாதமாக நான் அவரைச் செத்தவர் கணக்கில் வைத்திருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கவிழ்ந்த படகுக்கு நாலு நாள் முன்னாலேயே வேறு படகில் போய்விட்டாராம். அரிவாள் முனையில் ஏறியிருந்த துருவைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அன்று முதன்முதலாகக் கேட்டேன், மறுபடி எப்படி வந்தீர்கள் என்று.

“அதே வழிதான் கெரானி. சபாக் பெர்ணத்துக்குப் பிறகு காவல் அதிகம். தெக்கோங் விலையை ஏற்றிவிட்டான்.”

கடன் வாங்கித்தான் வந்திருக்கிறார். அதை அடைக்க ராயா வரைக்கும் வெட்ட வேண்டும் என்றார். அந்த மாதம் குலை நன்றாகக் காய்த்திருந்தது. காண்ட்ரெக்டரின் பெயரில் டன் கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.